பின்சீட்டில் அப்பாவின் துப்பாக்கி

தேர்தல் அறிவித்தால் எங்கள் வீட்டில் முதலில் நடக்கிற காரியம், அப்பா பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைப்பது. ஓட்டு யாருக்கு என்பதெல்லாம் அப்புறம். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் ஓட்டு எண்ணி முடியும்வரை துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பாங்க் காவலாளிகளுக்கு விலக்கு உண்டு. அப்பாவுக்குக் கிடையாது, அவர் கேரளத் தலைநகரில், சாலை பஜாரில் ஒரு நகைக்கடையில் துப்பாக்கிக் காவலாளி, அதாவது கன்மேன். கடை முதலாளி விலக்கு கேட்டு மனு கொடுத்திருந்தார். அது வருவதற்குள் ஒப்படைக்கும் தவணையின் கடைசி நாள் வந்துவிட்டது.

கன்மேன் வேலையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. நகைக்கடைகள் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து ஆளை வைப்பதில்லை. சொந்தத் துப்பாக்கியும் சொந்த லைசென்ஸும் உள்ள ஆளாகப் பார்த்துத்தான் வைக்கும். அப்பா பட்டாளத்திலிருந்து வந்ததும் அலைந்து திரிந்து லைசென்ஸ் எடுத்து, பழைய இரட்டைக் குழல் ஒன்றை வாங்கியது அதற்காகத்தான். “தோக்கு இருந்தா கன்மேன். இல்லேன்னா வாசல்ல குடை வாங்கி வைக்கிற ஆளு” என்பார். மகளான என்னைச் சட்டக் கல்லூரியில் படிக்க வைத்ததும் அந்தத் தோக்குதான், இதுவரை யாரையும் சுடாமலேயே.

எனக்குச் சட்டம் என்றால் ஒரு வெறி. மற்றவர்கள் போனில் ரீல்ஸ் பார்க்கிற மாதிரி நான் விதிகளை வாசிப்பேன். அந்தச் சமயத்தில், காரில் துப்பாக்கி கொண்டு போவதற்கு அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் என்ன சட்டம் என்று கல்லூரிக்காக ஒரு ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தேன். அதனால் அந்தக் கடைசி நாளன்று கரமனை வீட்டிலிருந்து காரை எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டேன். அப்பா முன்சீட்டில். துப்பாக்கி கான்வாஸ் உறைக்குள் பின்சீட்டில், போர்வை போர்த்திக்கொண்டு. தோட்டாக்கள் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில், டேஷ்போர்டுக்குள். வீடு மாறின பிறகும் லைசென்ஸில் ஸ்டேஷனை மாற்றாததால் நகரத்தின் மறுகோடிக்குப் போகவேண்டியிருந்தது. பேச நிறைய நேரம் இருந்தது.

“ஒரு ஸ்டேட்ல டேஷ்போர்டுக்குள்ள வைக்கலாம்பா. பக்கத்து ஸ்டேட்ல டிக்கியில பூட்டித்தான் வைக்கணும். இன்னொண்ணுல தோட்டா வேற பெட்டி.”

“அப்போ பார்டர்ல வண்டிய நிறுத்தி, எறங்கி, அங்கேருந்து எடுத்து இங்க வைப்பானா?”

“வைக்கணும்.”

“மழை பெய்தா?”

“பெய்தாலும்.”

அப்பா சிரித்தார். “நம்ம ஊரு கொள்ளாம், பரவால்ல மக்களே. களியக்காவிளை வந்தா நம்ம லைசென்ஸு தீந்துது. ஒரே கோடு. அதுக்கு அந்தப் பக்கம் நான் வெறும் ஆளு.”

அவருடைய லைசென்ஸ் கேரளத்துக்கு மட்டும்தான். வள்ளியூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், மருமக்கமார் “மாமா, தோக்கு எங்க?” என்று கேலி செய்வார்கள். அவர் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துக் காட்டுவார்.

அன்றைக்கும் அவர் பாண்ட் பாக்கெட் புடைத்துக்கொண்டிருந்தது. எங்களுடைய தீராத சண்டை அந்தப் பாக்கெட்டைப் பற்றித்தான். அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் துப்பாக்கி போகும்போது அதன் முன்கட்டையைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். குழலுக்கு அடியில் கையால் பிடிக்கிற இடத்தில் இருக்குமே, அந்த மரத்துண்டு. உள்ளே இரும்புக் கொக்கி இருக்கும். அது இல்லாவிட்டால் குழலும் பின்கட்டையும் தனித்தனியாகக் கழன்றுவிடும்.

“எவனாவது மறிச்சுப் பிடுங்கிக்கிட்டுப் போனாலும் இது எங்கிட்ட இருந்தா அவனுக்கு அது உலக்கை. துண்டு துண்டா இருந்தா தோக்கு இல்ல, கேட்டியா. கட்டையும் கம்பியும்.”

“சட்டத்துல உதிரி பாகமும் ஆயுதம்தான்பா.”

“ஒனக்க சட்டத்த எழுதினவன் பஸ்ஸுல தோக்கு கொண்டு போயிருக்கானா?”

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஏதோ ஒரு கட்சியின் ஊர்வலம். செண்டை மேளம், கொடிகள், அசையாத பஸ்கள். எங்கள் பழைய ஆல்டோவில் ஏசி வேலை செய்யாது. நான் லைசென்ஸ்காரரின் முன்னிலை என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துப் போகலாம், ஆனால் லைசென்ஸ்காரர் கூட இருக்கவேண்டும், அல்லது அவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் ரிப்பேருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்க, இல்லையென்றால் அவர் உபயோகத்துக்கு. “அதனால இப்ப நான் ஓட்டுறது தப்பில்ல. நீங்க பக்கத்துல இருக்கீங்க.”

 திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வெயிலுக்கு வருகிற வேர்வை இல்லை அது.

“மக்களே, வண்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்து.”

“இங்க ஏதுப்பா ஓரம்?”

“கேஸ் டிரபிள்தான்னு நெனைக்கேன்.” இடது தோளைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்துப்போயிருந்தது.

அங்கிருந்து ஆஸ்பத்திரிவரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஹார்னில் இருந்து கையை எடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். காஷுவால்டி வாசலில் இரண்டு அட்டெண்டர்கள் அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். நானும் இறங்கிக் கூடவே போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, பின்சீட்டைக் கண்ணால் காட்டினார்.

“அத விட்டுட்டு வராத, கேட்டியா.”

கதவு அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. பின்னாலிருந்து செக்யூரிட்டி சேட்டன் கத்தினார்: “வண்டி மாற்று கொச்சே! ஆம்புலன்ஸ் வருந்நு!”

காரை எடுத்து வளாகத்தின் கோடியில், துணி துவைக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமர நிழலில் நிறுத்தினேன். இறங்கிப் பூட்டும்போதுதான் உறைத்தது. எங்கள் காரில் இடதுபக்கப் பின்கதவு பூட்டாது. பூட்டு போய் எத்தனையோ நாளாயிற்று. ஒரு நைலான் கயிற்றை உள்பக்கக் கைப்பிடியில் கட்டி சீட்பெல்ட்டோடு முடிந்து வைத்திருப்போம், ஓடும்போது திறந்துவிடாமல் இருக்க. கண்ணாடியும் முழுக்க ஏறாது, அந்த இடுக்கில் கையை விட்டால் யாரும் அவிழ்க்கலாம்.

டிக்கியில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் செய்து பார்த்தேன். குழல் நீளம் ஆல்டோ டிக்கிக்குள் அடங்காது. பின்சீட்டின் முதுகை மடக்கினால்தான் போகும், மடக்கினால் எல்லோருக்கும் தெரியும்.

சரி, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காஷுவால்டிக்குள் போனால்? தேர்தல் நேரத்தில், இரட்டைக் குழலோடு ஒரு பெண். நான் வாய் திறப்பதற்குள் எல்லாரும் தரையில் படுத்திருப்பார்கள். விட்டுப் போனால்? போய் அது காணாமல் போனால், அப்பாவின் லைசென்ஸ் போகும், வேலை போகும், கேஸும் வரும். இங்கேயே இருந்தால்? இருப்பதே தப்பு. லைசென்ஸ்காரர் உள்ளே, லைசென்ஸ் புத்தகம் அவர் சட்டைப் பையில், நான் வெளியே அவருடைய ஆயுதத்தோடும் தோட்டாவோடும். அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். மாமரத்தடியில் நின்று அதை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஒப்பித்தேன். எங்கேயாவது ஒரு சந்து இருக்கும் என்று. இல்லை.

ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். ஒரு நிதானமான குரல், லைசென்ஸி நேரில் வரவேண்டும் என்று மலையாளத்தில் சொன்னது.

“அவரை காஷுவால்டியில சேர்த்திருக்கு சார்.”

“எங்கில் நாளெ வரட்டே.”

“இன்னைக்குத்தானே சார் கடைசி நாள்?”

“அது சரியா” என்று ஒத்துக்கொண்டது குரல், ரொம்ப நியாயமாக.

அம்மா நாகர்கோவிலில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட ஆரம்பித்திருந்தாள், மூச்சில் தெரிந்தது.

“நீ ஏன் வெளிய நிக்க? அப்பாகிட்ட போ பிள்ளே!”

“அம்மா, தோக்கு வண்டியில இருக்கு. கதவு பூட்டாது.”

“அந்தக் கருமாந்தரத்த எங்கயாம் தூக்கிப் போட்டுட்டுப் போ!”

“எங்கம்மா போட?”

“கடல்ல போடு! மனுசன் கெடக்கான் உள்ள, இவ இரும்பக் காவல் காக்கா!”

அவள் சொன்னது சரி. அப்பா சொன்னதும் சரி. போன் கையில் சுட்டது. காஷுவால்டியை நோக்கி நடந்தேன். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒரு குடும்பம் எங்கள் கார் நிழலில் பாய் விரித்துப் பொதிச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுத் தாத்தா பின்கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஓடி வந்தேன். மறுபடியும் நடந்தேன். மறுபடியும் வந்தேன். அந்தத் தாத்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “மோளே, சோறு வேணோ?” என்று கேட்டார்.

அப்பாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. நர்ஸ். பைஸ்டாண்டர், நோயாளிக்குத் துணையாள், யாரும் இல்லையா, எங்கே போனீர்கள், ஈசிஜி சரியில்லை, டாக்டர் பேசவேண்டும் என்றார். “வந்துட்டேன் சிஸ்டர்” என்றேன். அப்போதுதான் வளாகத்தின் எய்ட் போஸ்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் என்னை நோக்கி வருவது தெரிந்தது. கையில் பச்சை ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. சந்தையில் மீன் வாங்கிவருகிறவர் மாதிரி உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

எனக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

உள்ளே அப்பாவின் உடுப்பைக் கழற்றும்போது பாக்கெட்டில் முன்கட்டை தட்டுப்பட்டிருக்கிறது. யாரும் தோக்கைப் பார்க்காவிட்டாலும், அதைத் தொட்டவுடனே ஒரு அட்டெண்டருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. அவருக்கு மலையோரத்தில் பன்றி சுடுகிற மாமன் ஒருவர் உண்டாம். என் கார் போன பக்கத்தைச் செக்யூரிட்டி சேட்டன் காட்டிக்கொடுத்திருந்தார். யார் கையிலும் அகப்படக்கூடாதென்று அப்பா தன்னோடு எடுத்துப்போன அந்தத் துண்டுதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

நான் அம்மாவிடம் மறுபடி போனில் பேசுவதைக் கேட்டு அந்தப் போலீஸ்காரர் தமிழுக்கு மாறினார். தலைநகரத்துப் போலீஸ்காரர்களுக்கென்று ஒரு தமிழ் உண்டு.

“பேடிக்கண்டா, பயப்படாத. நெஜம் சொல்லு. இதோட பாக்கி எவிட?”

காட்டினேன். பொதிச்சோறு சாப்பிடுகிறவர்களை எழுப்பி அப்புறம் போகச் சொன்னார். கதவைத் திறந்து போர்வையை விலக்கிப் பார்த்து, மூடினார். நான் பேச ஆரம்பித்தேன். தவணை, முன்னிலை, எழுத்து அனுமதி, ரிப்பேர், உபயோகம். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“வக்கீலா?”

“படிக்கிறேன் சார்.”

“கொள்ளாம். எல்லாம் சரிதான். பக்ஷே, இது கிட்டினவுடனே காஷுவால்டியில எழுதியாச்சு. நான் ஸ்டேஷன்ல சொல்லியாச்சு. ஜீப் வரும். அதுவரை நீ இந்த வண்டிய விட்டுப் போகப்படாது.”

“நீங்க இதை வாங்கி வச்சுக்குங்க சார். நான் உள்ள போறேன்.”

“மோளே, எய்ட் போஸ்ட்ல ஒரு மேசையும் ஒரு ஃபேனும்தான் உண்டு. ஆயுதம் வைக்க எடம் இல்ல. நான் தொட்டா, இது என் தலைமேல.”

“அப்ப நீங்க இங்க நில்லுங்க, நான் ஒரு நிமிஷம்...”

“நீ போயிட்டா, இது யாருடெ கையில இருந்துன்னு நான் என்ன எழுத?”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு கடையில் போய் எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தார். தன் பெண்ணும் எல்எல்பி நுழைவுத்தேர்வு எழுதப்போகிறாள் என்றார். போகவிடவில்லை. அவ்வளவுதான்.

போன் மறுபடி அடித்தது. இரத்தக்குழாயில் அடைப்பு, இப்போதே செய்யவேண்டும், சம்மதத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்றார் நர்ஸ். நான் எங்கே நிற்கிறேன், ஏன் நிற்கிறேன் என்று சொல்லத் தொடங்கி, வாக்கியம் அழுகையாகிவிட்டது. போலீஸ்காரர் போனை வாங்கி மலையாளத்தில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் ஒரு ஹவுஸ் சர்ஜன் வெயிலில் ஓடிவந்தாள். என்னைவிட ஒரு வயது கூடுதலாக இருந்தால் அதிகம். ஆல்டோவின் பானெட்டில் பேப்பரை வைத்தாள். எஞ்சின் சூட்டில் தகரம் இன்னும் கொதித்தது. என்ன ஆபத்தெல்லாம் வரலாம் என்று அவள் வேகமாகச் சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

“நிங்ஙள் வருந்நில்லே?” நீங்கள் வரவில்லையா என்று கேட்டாள். போலீஸ்காரர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

ஆபரேஷன் செய்யும் இடம் வேறு கட்டடம். அதற்கு வளாகத்தின் நடுவே உள்ள பாதை வழியாகத்தான் போகவேண்டும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் உருண்டு வந்தது. ஒரு அட்டெண்டர் தள்ள, நர்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க, பச்சைத் துணிக்கு மேலே அப்பாவின் முகம். கூப்பிட்டால் கேட்கும் தூரம். “அப்பா!” என்றேன். தலையைத் திருப்பினார். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அவர் பார்த்தது என்னை மட்டுமில்லை. பின்கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிற என்னைப் பார்த்தார். இருக்கிறதா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டார்.

தலையை ஆட்டினேன். இருக்குப்பா.

பட்டாளத்துக்காரர்கள் செய்கிற மாதிரி லேசாகத் தலையசைத்தார், டியூட்டி சரி என்பதுபோல. ஸ்ட்ரெச்சர் போய்விட்டது. திரும்பி வருவாரா என்று தெரியாத ஒருவர் போவதை, ஒரு காருக்குக் காவல் நின்றபடி பார்த்தேன். காலை எடுத்து வைத்தால் யாரும் என்னைச் சுட்டுவிடப் போவதில்லை. இருந்தும் கால் வரவில்லை. அவர் விட்டுவிட்டு வராதே என்றது மட்டுமில்லை காரணம். எனக்கு எல்லாப் பிரிவும் தெரியும் என்பதும்தான்.

ஜீப் வந்தபோது நிழல் காரைவிட்டு நகர்ந்திருந்தது. குழல், பின்கட்டை, பச்சைத் துணியில் இருந்த முன்கட்டை, பிஸ்கட் டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார்கள். பானெட்டின்மேல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரு போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் குழலையும் பின்கட்டையும் சேர்த்து முன்கட்டையை மாட்டினார். டக் என்று அது முழுத் துப்பாக்கி ஆயிற்று. “ஒப்படைச்சதுன்னு எழுதுங்க சார், ஒப்படைக்கத்தான் கொண்டுபோனோம்” என்றேன். ஒப்படைக்க வேண்டியவர் நேரில் இல்லையே என்றார் எஸ்ஐ. பிடித்தது என்றுதான் எழுதினார்கள்.

ஸ்டென்ட் வைத்ததில் அப்பா பிழைத்துக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவரைப் பார்க்க என்னை விட்டபோது அம்மாவும் வந்துசேர்ந்திருந்தாள். அவர் என்னிடம்தான் கேட்டார்.

“ஏத்துக்கிட்டாங்களா?”

“ஸ்டேஷன்லதாம்பா இருக்கு.”

கை இடுப்புப் பக்கம் போய்த் தடவியது. ஆஸ்பத்திரி உடுப்பில் பாக்கெட் இல்லை.

தேர்தல் முடிந்தது. ஒப்படைத்தவர்கள் எல்லோரும் போய்த் தங்கள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். எங்களுடையது பிடித்தது என்பதால் வேறு வழி. கலெக்டரேட்டில், போலீஸ் ரிப்போர்ட் வரவேண்டும் என்கிறார்கள். ஸ்டேஷனில், அனுப்பியாச்சு என்கிறார்கள். நான் பிரிவு எண்களோடு எழுதிய மனுவை வாசித்த கிளார்க் சேச்சி, “இங்கிலீஷ் நன்னாயிட்டுண்டு” என்று பாராட்டி, அதை மற்ற மனுக்களின்மேல் வைத்தார். நகைக்கடை முதலாளி ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று உருகிவிட்டுப் போனார். அந்த வாரமே வேறொருவரை வைத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

போன வாரம் செக்கப்புக்குக் காரில் அழைத்துக்கொண்டு போனேன். பின்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. பஜார் முனையில் வண்டிகள் நின்றபோது, எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோவிலிருந்து புதுக் கன்மேன் இறங்கினார். துப்பாக்கியை உறைகூட இல்லாமல் முழுசாகத் தோளில் மாட்டிக்கொண்டு, டிரைவரிடம் சில்லறைக்கு நின்றார்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். அவர் ஏதாவது குற்றம் சொல்வார், நான் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

“முன்கட்டையக் கழத்தவே இல்ல” என்றேன் நானே.

“எதுக்குக் கழத்தணும்? அவன் கூடவே இருக்கான்லா.”

பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். கியரைப் போட்டேன். அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கடை வாசல் வரும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.